பழியும் பணியும்: குற்றப் பதிவு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

குற்றஞ் செய்தவனுக்குத் தண்டனை உண்டு என்பது நாகரிகமுற்ற சமுதாயங்கள் யாவும் ஏற்றுக்கொண்ட நியதியாகும். ஆனால், அத்தண்டனைக்கு எல்லை உண்டா, உண்டெனின் அவ்வெல்லையை வகுப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்றுவரை கிடைத்திலது. ஆறு மாதச் சிறை என நீதிபதி தீர்ப்பளிக்கிறார். ஆறு மாதங் கழிந்ததும் சிறைக்கதவு திறக்கிறது. வெளியே வந்தவன் ஒரு தொழிலுக்கு விண்ணப்பிக்கிறான். நீர் எப்போதாவது நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டதுண்டா என்னும் வினா அவனை எதிர்கொள்கிறது. நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கு அவ்விடத்தில் மீண்டும் தொடங்குகிறது. இம்முறை அவனுக்காக வாதாடச் சட்டத்தரணி இல்லை, சாட்சி இல்லை, மேன்முறையீடும் இல்லை.

தொழிலுக்கு ஆட்களையும் சேவைக்குத் தொண்டர்களையும் சேர்த்துக்கொள்வோர் அவர்தம் குற்றப் பதிவைப் பரிசோதித்தல் அறமாகுமா, ஆகுமெனின் எவ்வளவிற்கு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். நம் நாட்டினருக்கு இது புதிய விடயமன்று. கிராம உத்தியோகத்தர் வழங்கும் நற்சான்றிதழையும், வெளிநாடு செல்வோர் பொலிஸ் திணைக்களத்திடம் பெறும் சான்றிதழையும் நாம் அறிவோம். எனினும், இப்பிரச்சினையைச் சட்டத்தாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் அரை நூற்றாண்டாக விரிவாக ஆராய்ந்து வந்த நாடு பிரித்தானியாவாகும். ஆதலின், அந்நாட்டு அநுபவத்தைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

குற்றவாளியின் பழியைப் பிறரறியச் செய்யும் வழக்கம் மிகப் பழையது. கடுந்தண்டனை பெற்றோரின் உடலிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் குறியிடும் வழக்கம் பிரான்சில் 1832ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. இரும்பு நீங்கிய இடத்திற் கடதாசி நிலைபெற்றது. விக்ரர் ஹியூகோ 1862இல் வெளியிட்டதும், சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழிற் தந்ததுமான நாவலின் நாயகன் ஜீன் வால்ஜீன், ஒரு ரொட்டியைத் திருடியதிற் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து மீள்கிறான். அவன் கையிற் கொடுக்கப்பட்ட மஞ்சள்நிறக் கடவுச்சீட்டு அவன் யாரென்பதைச் செல்லுமிடமெல்லாம் அறிவிக்கிறது. பணங் கொடுக்க ஆயத்தமாயிருந்தும் சத்திரக் கதவுகள் அவனுக்கு அடைக்கப்படுகின்றன. இக்காலக் குற்றப் பதிவு அம்மஞ்சட் சீட்டின் வழித்தோன்றல் எனலாம். சீட்டையாவது அவன் கிழித்தெறியலாம். கணினியிலுள்ள பதிவை அவனாற் தொடவும் இயலாது.

இந்நிலையை மாற்ற முயன்ற முதன்மையான சட்டங்களுள் ஒன்று பிரித்தானியப் பாராளுமன்றம் 1974ஆம் ஆண்டில் நிறைவேற்றிய குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டமாகும். கார்டினர் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு 1972இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு அடிப்படையாயிற்று. தண்டனை பெற்ற ஒருவர் குறித்த காலம்வரை மீண்டும் குற்றமிழையாது வாழ்வாராயின், அவர்மீதான தீர்ப்பு ‘கழிந்தது’ ஆகும். அதன்பின் சட்டத்தைப் பொறுத்தவரையில் அவர் அக்குற்றத்தைச் செய்யாதவராகவே கொள்ளப்படுவார். ஆரம்பத்தில் இரண்டரை ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை எதுவும் இவ்வாறு கழியவில்லை. 2014இல் இவ்வெல்லை நான்கு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. 2023 ஒக்டோபர் முதல், கொடிய வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனையும் ஏழாண்டுகளின் பின் கழியும் என விதிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் ஒரு பிரிவு மெய்யியல் மாணவரின் கவனத்துக்குரியது. பொதுவாக, ஒருவரைப் பற்றிக் கூறியது உண்மையென நிறுவிவிட்டால் அவதூறு வழக்கு நில்லாது. ஆனால், ஒருவரது கழிந்த தீர்ப்பை வன்மத்தோடு பிரசுரித்தவர், தாம் கூறியது உண்மையே என்று சொல்லித் தப்ப முடியாது என இச்சட்டம் கூறுகிறது. உண்மை என்ற ஒரே காரணத்தால் ஒரு கூற்று அறமாகிவிடாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. யாருக்கு, எதற்காக, எந்நோக்கத்தோடு சொல்லப்படுகிறது என்பனவும் சேர்ந்தே உண்மையுரைத்தலின் அறத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆயினும், மறத்தலுக்கும் ஓர் எல்லை வேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டின் விதிவிலக்குக் கட்டளை மருத்துவர், சட்டத்தரணி, ஆசிரியர் முதலான பணிகளுக்கு வருவோரிடம் கழிந்த தீர்ப்புகளைப் பற்றியும் வினவலாம் என அநுமதித்தது. 1997ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டத்தின்கீழ் அமைந்த குற்றப் பதிவுச் செயலகம் 2002இற் பணி தொடங்கியது; 2012 டிசெம்பரில் அதன் இடத்தை வெளிப்படுத்தல் மற்றும் தடைவிதித்தற் சேவை என்னும் நிறுவனம் பெற்றது. அடிப்படைச் சான்றிதழ் கழியாத தீர்ப்புகளை மாத்திரங் காட்டும். அதற்கு மேற்பட்ட சான்றிதழ்கள் கழிந்தவற்றுட் பலவற்றையுங் காட்டும். சிறுவரோடும் ஆதரவற்ற முதியோரோடும் நெருங்கிப் பழகும் பணிகளுக்குரிய மிக விரிவான சான்றிதழில், தீர்ப்பாக முடியாவிடினும் அப்பணிக்குத் தொடர்புடையதெனப் பொலிசார் கருதும் தகவலும் இடம்பெறலாம்.

இப்பரிசோதனையை ஆதரிப்போரின் வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. 2002 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சோஹம் என்னும் சிற்றூரிற் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலைசெய்யப்பட்டனர். கொலையாளி அவ்வூர்ப் பாடசாலையொன்றின் பராமரிப்பாளர். அவர் முன்னர் வாழ்ந்த பகுதியில் அவர்மீது பாலியல் முறைப்பாடுகள் பல எழுந்திருந்தன. ஆயினும், அவை புதிய இடத்திற்கு எட்டவில்லை. தன் குழந்தையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய், அங்கே உள்ளவர் யாவர் எனத் தானே விசாரித்தறிய இயலாதவள். அவளுக்காக விசாரிக்க வேண்டிய கடன் அந்நிறுவனத்துக்கு உண்டு. தண்டனை தன்னளவில் தீமையே. பெரியதொரு தீமையைத் தடுக்குமளவிற்கே அது நியாயமாகும் என்றார் பெந்தம். ஒருவர் ஒரு பதவியை இழத்தல் தீமைதான். ஒரு குழந்தை உயிரிழத்தல் அதனினும் எத்துணைப் பெரிய தீமை என்று எவரும் கேட்பர். ஆராயாது ஒருவனை நம்புதல் தீராத துன்பந் தரும் என்பது திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தின் கருத்துமாகும்.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். பெயர்ச்சொல் காலங்காட்டாது, வினைச்சொல் காலங்காட்டும் என்பது நம் இலக்கணத்தார் வகுத்த பொதுவிதி. ‘திருடினான்’ என்பது வினை. அச்செயல் இறந்தகாலத்தில் நிகழ்ந்து முடிந்தது என அது கூறும். ‘திருடியவன்’ என்பது வினையாலணையும் பெயர். பெயராகியும் அது காலத்தைக் கைவிடுவதில்லை. ‘திருடன்’ என்பதோ காலங் காட்டாத வெறும் பெயர். நேற்றும் இன்றும் நாளையும் அவன் அதுவே. பதிவேடு சொல்வது இன்ன ஆண்டில் இன்னார் திருடினார் என்பதை மாத்திரமே. அதனை வாசிக்கும் தொழில்தருநரின் மனத்தில் அது திருடன் என்றே பதிகிறது. ஒரு செயல் ஒரு மனிதனின் இயல்பாக மாற்றப்படும் அநீதி இவ்விடத்திலே நிகழ்கிறது. பழக்கத்தாலன்றி ஒரு செயலாற் குணம் அமைவதில்லை என்பது அரிஸ்ரோட்டிலின் அறவியலிலிருந்து பெறப்படும் முடிபாகும்.

இவ்வநீதி கற்பனையன்று. பதினொரு வயதிற் சைக்கிள்கள் இரண்டைத் திருடியது தொடர்பாக மன்செஸ்ரர்ப் பொலிசாரிடம் எச்சரிக்கை பெற்ற சிறுவனொருவன், பதினேழு வயதில் உதைபந்தாட்டக் கழகமொன்றிற் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்தபோது அவ்வெச்சரிக்கைகள் சான்றிதழில் வெளிப்பட்டன; பின்னர் விளையாட்டுக் கல்விநெறியொன்றிற் சேர முற்பட்டபோதும் அவை மீண்டும் வெளிப்பட்டன. கடையொன்றிற் செயற்கை நகப் பொதியொன்றைத் திருடியமைக்காக 2001இல் எச்சரிக்கப்பட்ட ஒரு பெண், எட்டு ஆண்டுகளின் பின் முதியோர் பராமரிப்புத் துறையிற் பணிபுரியப் பயிற்சி பெற்றும், அப்பதிவின் காரணமாக வேலைக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. 2014இல் இவ்விரு வழக்குகளையும் விசாரித்த பிரித்தானிய உயர் நீதிமன்றம், தொடர்பையுங் காலத்தையும் நோக்காது யாவற்றையும் வெளிப்படுத்தும் முறை தனிமனித வாழ்வை மதிக்கும் உரிமைக்கு முரணானது எனத் தீர்த்தது.

அவ்வழக்கு நிலுவையிலிருந்தபோதே சிறு குற்றங்களை வடிகட்டும் விதியொன்றை அரசு வகுத்தது. அவ்விதியும் போதவில்லை. வீடின்றித் தெருவில் வாழ்ந்தவரும், பின்னரே கண்டறியப்பட்ட கடும் உளநோய்க்கு ஆளாகியிருந்தவருமான ஒரு பெண் 1999இல் ஒரு சான்ட்விச்சையும், சில மாதங்களின் பின் 99 பென்ஸ் விலையுள்ள ஒரு புத்தகத்தையும் திருடினார். புத்தக வழக்கில் நீதிமன்றத்துக்குக் குறித்த நாளில் வராமையும் குற்றமாயிற்று. ஆகவே, அவர் பெயரிலிருந்த தீர்ப்புகள் இரண்டாயின. ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்பிருப்பின் அவை எக்காலத்தும் வடிகட்டப்படா என்றது விதி. பின்னாளிற் பாடசாலையில் உதவி ஆசிரியராக விரும்பிய அவர், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தம் வறுமையையும் நோயையும் அந்நியருக்கு விளக்க வேண்டியவரானார். 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இவ்விதியையுங் கண்டித்தது. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டது. விலை 99 பென்ஸ். அதற்கான பழி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். வேலை கொடுக்க மறுப்பது தண்டனையாகாது. குறித்த ஒரு வேலை எவருக்கும் உரிமையுமன்று. தமக்கு விருப்பமானவரைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம் தொழில்தருநருக்கு உண்டு என்பர். தனித்து நோக்குமிடத்து இவ்வாதம் சரியே. ஒரு கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடை உண்டு. ஆனால், எல்லாக் கடைக்காரரும் ஒரே தாளை வாசிக்கும்போது நிலைமை வேறாகிறது. ஒவ்வொருவரும் தத்தம் சுதந்திரத்தைப் பயன்படுத்தி மறுக்கின்றனர். அம்மறுப்புகளின் கூட்டுத்தொகை ஒரு மனிதனைத் தொழிலுலகிலிருந்தே நாடுகடத்திவிடுகிறது. எந்த நீதிபதியும் விதிக்காத தண்டனை இது. விதித்தவர் எவருமில்லை ஆதலின், இதனை நீக்கவல்லவரும் எவருமில்லை. செய்த குற்றத்துக்காக அன்றி வேறொரு நன்மைக்குக் கருவியாக ஒருவனைத் தண்டித்தலாகாது என்பது கான்ற் வகுத்த நெறி. இனிச் செய்யக்கூடும் என்ற ஐயத்தினால் ஒருவனது பிழைப்பை ஆயுள்முழுதும் தடுப்பது அந்நெறிக்குத் தெளிவாக மாறுபடுவதாகும்.

இம்மறுப்பின் அளவையுஞ் சிலர் ஆராய்ந்துள்ளனர். டேவா பேஜர் என்னும் சமூகவியலாளர் ஐக்கிய அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் நடத்திய ஆய்வு 2003இல் வெளியாயிற்று. ஒத்த தகைமையுடைய இளைஞர் இருவர் இருவராக வேலைகளுக்கு விண்ணப்பித்தனர். இருவருள் ஒருவர் போதைப்பொருட் குற்றத்துக்காகச் சிறையிருந்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். வெள்ளையருள் பதிவில்லாதவருக்கு 34 வீதமான இடங்களிலிருந்து அழைப்புக் கிடைத்தது. பதிவுடையவருக்கு 17 வீதம். கறுப்பினத்தவருள் பதிவில்லாதவருக்கு 14 வீதம். பதிவுடையவருக்கு 5 வீதம். குற்றமே செய்யாத கறுப்பினத்தவர், குற்றஞ் செய்த வெள்ளையரினும் குறைவாக அழைக்கப்பட்டனர் என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பிலடெல்பியா நகரில் 1958இற் பிறந்தோரின் பதிவுகளைக் கொண்டு குர்லிசெக் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வோ, குற்றமின்றி ஆறேழு ஆண்டுகளைக் கழித்தவர் மீண்டும் குற்றஞ் செய்யும் வாய்ப்பு, ஒருபோதும் குற்றஞ் செய்யாதவரது வாய்ப்பை ஏறக்குறைய அணுகிவிடுகிறது எனக் காட்டிற்று. அச்சம் நீடிக்கும் காலம் ஆபத்து நீடிக்கும் காலத்தினும் நெடிதாயுள்ளது.

அவ்வாறாயின், பதிவை முற்றாக மறைத்துவிட்டால் நீதி பிறக்குமா? இதற்கு விடையும் எளிதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களும் நகரங்களும் பல, விண்ணப்பப் படிவத்திற் குற்றப் பதிவு பற்றிய வினாவைத் தடைசெய்தன. அகன், ஸ்டார் என்னும் ஆய்வாளர் இருவர் நியூ ஜேர்சியிலும் நியூ யோர்க்கிலும் ஏறத்தாழ 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பெற்ற முடிவுகள் 2018இல் வெளியாயின. படிவத்தில் வினா இருந்தபோது, அவ்வினாவைக் கொண்டிருந்த நிறுவனங்களில் வெள்ளையர் கறுப்பினத்தவரைக் காட்டிலும் 7 வீதம் கூடுதலாக அழைக்கப்பட்டனர். வினா நீக்கப்பட்டபின் அது 43 வீதமாக உயர்ந்தது. தாள் மறைக்கப்பட்டதும், இன்ன பெயருடையவன் குற்றவாளியாகத்தான் இருப்பான் என்னும் ஊகம் தாளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறியாமை தன்னளவில் நீதியாகாது. இனத்தின் பெயரால், ஊரின் பெயரால், சாதியின் பெயரால் மனிதரை முன்கூட்டியே மதிப்பிடும் பழக்கமுள்ள எச்சமுதாயத்துக்கும் இதிற் பாடமுண்டு.

பதிவை நம்புவோரும் சோஹம் நிகழ்ச்சியை முற்றாக வாசித்தல் வேண்டும். அக்கொலையாளி அதற்குமுன் பாலியற் குற்றமெதற்காகவும் தண்டிக்கப்பட்டவரல்லர். ஆதலின், தீர்ப்புகளை மாத்திரங் காட்டும் சான்றிதழ் அவரைத் தடுத்திராது. 2004இல் வெளியான பிச்சார்ட் விசாரணை அறிக்கை பொலிசார் தகவலைப் பேணிய முறையிலும் பரிமாறிய முறையிலும் இருந்த பாரிய குறைபாடுகளை எடுத்துக்காட்டியதோடு, ஆட்சேர்ப்பிற் பின்பற்றவேண்டிய கவனத்தையும் வற்புறுத்திற்று. ஆனால், அதனையடுத்து வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், முதற்கணிப்பின்படி ஒரு கோடிக்கு மேற்பட்டோரைப் பதிவுசெய்யத் திட்டமிட்டது. பாடசாலைகளுக்குச் சென்று மாணவரோடு உரையாடும் எழுத்தாளரும் பதிவுசெய்ய வேண்டிவரும் என்றறிந்த பிலிப் புல்மன் முதலான சிறுவர் இலக்கியகர்த்தாக்கள் 2009இல் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அத்திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டுப் பின்னர் சுருக்கப்பட்டது. எல்லோரையும் ஐயுறுவதாற் குழந்தைகள் காக்கப்படுவர் என்பதற்கு உறுதியில்லை. அயலானின் குழந்தைக்கு உதவ முன்வரும் தொண்டனின் மனம் கூசும் என்பது உறுதி.

குற்றமற்ற சான்றிதழ் ஒன்று எதனைக் கூறுகிறது? இவர் இதுவரை அகப்படவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றுங் கூறுவதில்லை. அதனைக் கோப்பிலிட்டுத் தன் கடமை முடிந்ததென இருக்கும் நிருவாகி, குழந்தையையுங் காக்கவில்லை, நீதியையுங் காக்கவில்லை. குற்றமுள்ள சான்றிதழைக் கண்டவுடன் விண்ணப்பத்தை ஒதுக்கும் நிருவாகியும் அதே தவறையே செய்கிறார். தாம் செய்யவேண்டிய தீர்ப்பைத் தாளிடம் ஒப்படைத்தல் இருவருக்கும் பொதுவான குறையாகும். நம் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் சிலவேளை வெறுஞ் சடங்காகிவிடுவதுண்டு எனினும், அதன் மூலநோக்கத்தில் ஒரு பொருளுண்டு. மனிதனை அறிந்த இன்னொரு மனிதன், தன் பெயரை இட்டு அவனுக்காகப் பொறுப்பேற்கிறான். பதிவேடு எவருக்காகவும் பொறுப்பேற்பதில்லை.

ஆகவே, அறியும் உரிமையை மூன்று நிபந்தனைகளுக்கு உட்படுத்தல் தகும். முதலாவது தொடர்பு. கேட்கப்படும் குற்றத்துக்கும் ஒப்படைக்கப்படும் பொறுப்புக்கும் இயைபு இருத்தல் வேண்டும். சிறுவரைத் துன்புறுத்தியவனைச் சிறுவர் இல்லத்திற் சேர்க்காமை நியாயம். அதற்கு எக்காலமும் கழிவு தேவையில்லை. இளமையிற் சைக்கிள் திருடியவனை மைதானத்திலிருந்து விலக்குவதற்கு நியாயமில்லை. இரண்டாவது காலம். ஆண்டுகள் செல்லச்செல்லப் பழைய செயலின் சாட்சி வலுவிழக்கிறது. அதன்பின் வாழ்ந்த வாழ்வின் சாட்சி வலுப்பெறுகிறது. மூன்றாவது செவிசாய்த்தல். பாதகமான பதிவொன்றைக் கண்டவர் விண்ணப்பதாரியை அழைத்து, அவர் கூறுவதைக் கேட்காமல் மறுத்தலாகாது. மிகக் கொடிய குற்றவாளிக்கும் நீதிமன்றம் அளிக்கும் வாய்ப்பை ஒரு வேலைக்கு வந்தவனுக்கு மறுப்பதற்கு என்ன நியாயமுண்டு?

இந்நிபந்தனைகளாலும் தவறு முற்றாக நீங்கிவிடும் என்று கூறுவதற்கில்லை. நம்பி ஏமாறுதலும், ஐயுற்று அநீதி இழைத்தலும் ஆகிய இருவகைத் தவறுகளில் ஏதேனும் ஒன்று எப்போதாவது நிகழவே செய்யும். முதலாவது தவறு நிகழ்ந்தால் ஊரறியும், பத்திரிகைகள் எழுதும், விசாரணைக் குழு அமையும். இரண்டாவது தவறு நிகழ்ந்தால் எவரும் அறியார். மறுக்கப்பட்டவன் வீடு திரும்புவான், அவ்வளவே. இதனாலேயே நிறுவனங்கள் இரண்டாவது தவறைத் தயக்கமின்றி இழைக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத தவறும் தவறே என்பதை உணர்த்துதல் அறவியலின் பணிகளுள் ஒன்றாகும்.

ஆராய்ந்து தெளிக என்ற வள்ளுவர், அவ்வதிகாரத்திலேயே ஆராயும் முறையையும் வகுத்தார். குணத்தையும் நாடுக; குற்றத்தையும் நாடுக; இரண்டில் மிகுந்தது எதுவோ அதனைக் கொண்டு ஒருவனை மதிப்பிடுக என்பது அவர் காட்டும் வழி. பதிவேடு குற்றத்தை மட்டுமே நாடித் தருவது. குணத்தை நாடும் பாதி வேலை நம்மிடமே விடப்பட்டிருக்கிறது. அப்பாதியைச் செய்ய ஆயத்தமில்லாதவருக்கு முதற்பாதியை அறியும் உரிமையும் இல்லை என்பதே நாம் வந்தடையும் முடிபாகும். நாளை அதிபர்களாகவும் நிருவாகிகளாகவும் சங்கச் செயலாளர்களாகவும் அமர்ந்து பிறரது விண்ணப்பங்களைப் புரட்டப்போகும் இன்றைய பல்கலைக்கழக மாணவர், தம்முன் உள்ளவன் திருடனா அன்றித் திருடியவனா என்பதைத் தெரிந்து தீர்மானிக்கும் கடப்பாடுடையவராவர்.